கண்ணைப் பார்க்காமல் லைன் கொடுத்தவர்

போன மாதம் மல்லிகா என்னை வீடியோவில் கூப்பிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் இலாகாவில் உட்கார்ந்து தேய்ந்தவன் நான். மணி அடித்தால் கை தானாக ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோய்விடும். அப்படியே வைத்துக்கொண்டு “சொல்லும்மா, சொல்லும்மா” என்று பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “சார், இவ்வளவு நேரமா உங்க காதைத்தான் பாத்துட்டிருக்கறனுங்க. அதுல இருக்கற முடி தலையில இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! முகத்தைக் காட்டுங்க சார்.”

நான் ஓய்வு பெறப்போகிற சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் மல்லிகா. இன்றுவரை என்னைக் கிண்டல் செய்வதை ஒரு கடமையாக வைத்திருக்கிறாள். ஆனால் அன்று கிண்டலுக்குக் கூப்பிடவில்லை. அவளுடைய தம்பி நன்றாகப் படித்தவன், வேலையில் கெட்டி. பேட்டி என்று வந்தால் மட்டும் தேறுவதில்லை. எல்லாப் பேட்டியும் இப்போது வீடியோவில். ‘கேமராவைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான், எதையோ மறைக்கிறான்’ என்று கழித்துவிடுகிறார்களாம். ஒரு டாக்டரம்மா அவனை உட்காரவைத்து நிதானமாகப் பேசிப் பார்த்துவிட்டு ஆஸ்பெர்ஜர் என்று பெயர் சொன்னாராம். இப்போது அந்தப் பெயரைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை, ஆட்டிசத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

“அவர் சொல்லச் சொல்ல எனக்கு நீங்க அடிக்கடி பேசுவீங்களே, அந்த அர்த்தனாரி சார்தான் ஞாபகத்துக்கு வந்தாருங்க. அதை அப்படியே எழுதிக் குடுங்க சார். என் தம்பி படிக்கட்டும்.”

நான் டாக்டர் இல்லை. அர்த்தனாரிக்கு இருந்தது இன்னதுதான் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். இதில் நான் கொஞ்சம் புத்திசாலியாகத் தெரிகிற இடங்களை நம்ப வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்கு எடுத்தார்கள். சேலத்தில் சில மாதம் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: முதுகை நிமிர்த்து, குரலைத் தாழ்த்து, காதில் விழுந்ததை வெளியே சொல்லாதே. கடைசியாகச் சொன்னதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு காவிரிக்கரைத் தறி ஊர் ஒன்றில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வருகிற முதலாளியின் சொந்தபந்தங்கள் இன்னும் அங்கே செழிப்பாக இருக்கிறார்கள். எனக்கும் மூட்டுவலி, முன்னைப்போல் ஓட முடியாது.

அந்தக் கால எக்ஸ்சேஞ்ச் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பலகை. அதில் ஊரில் இருக்கிற ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு துளை, துளைக்கு மேலே சின்னதாக ஒரு மூடி. யாராவது வீட்டில் ஃபோனை எடுத்தால் இங்கே மூடி ‘டப்’ என்று விழும். நாங்கள் ஒரு கயிற்றை அந்தத் துளையில் செருகி “நம்பர் ப்ளீஸ்” என்போம். அவர் கேட்கிற நம்பரின் துளையில் இன்னொரு கயிற்றைச் செருகினால் இரண்டு பேரும் பேசலாம். வெளியூர் என்றால் டிரங்க் கால். எழுதி வாங்கிக்கொண்டு, சேலத்தைப் பிடித்து, அவர்கள் கோயம்புத்தூரைப் பிடித்து, லைன் வருவதற்குள் கேட்டவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடுவார். லைன் வந்ததும் நாங்கள் ஒரு நிமிஷம் உள்ளே நின்று, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலக வேண்டும். அது விதி. இந்த விதி பின்னால் வருகிறது.

முதல் வாரமே நான் பெயர் வாங்கிவிட்டேன். கல்யாணத் தரகர் ஒருவருக்கு மாப்பிள்ளை வீட்டைக் கொடுப்பதற்குப் பதில் மாட்டாஸ்பத்திரியைக் கொடுத்துவிட்டேன். அவர் “வயசு என்னங்க?” என்று கேட்க, அந்தப் பக்கம் டாக்டர் “பல்லைப் பாத்தாத்தாங்க சொல்ல முடியும், நடக்க வெச்சுக் கூட்டியாங்க” என்று சொல்ல, பெரிய ரகளையாகிவிட்டது.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரித்தவர் எங்கள் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் சார். மனிதர் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். கையில் எப்போதும் ஒரு பென்சில். சீவிச் சீவி விரலளவு ஆனாலும் அதைத் தூக்கிப் போடமாட்டார். அந்தத் துண்டால் நாற்காலியின் முதுகில் ஒரு தட்டு. நாம் திரும்பக் கூடாது, கை வேலையை விடக் கூடாது. வாயால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தால் எல்லாரையும் ‘டேய்’ என்பார். கோபம் வந்தால் ‘ஐயா’ என்று மரியாதை ஏறிவிடும். “ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க” என்று அவர் சொன்னால் நாங்கள் முதலில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். உள்ளே போனால் அவருக்கு ஒரே ஒரு சோதனைதான்: “என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.” பார்த்துச் சொன்னால் நம்புவார். நான் பார்த்துத்தான் சொன்னேன், லைன் தானாக மாறிவிட்டது என்று. நம்பினார். அவருடைய சோதனை எவ்வளவு தூரம் செல்லும் என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

சில வருஷம் கழித்து அர்த்தனாரி வந்து சேர்ந்தார். வெண்ணந்தூர்க்காரர். நெசவுக் குடும்பம். மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டையில் எல்லாப் பொத்தானும் கழுத்துவரை போட்டிருப்பார். வணக்கம் சொன்னால் நம் சட்டைப் பையைப் பார்த்துப் பதில் வணக்கம் சொல்வார். “சாப்பிட்டாச்சுங்களா?” என்று கேட்டால், “என்ன சாப்பாட்டைக் கேக்கறீங்க?” என்பார். நான் அடித்த மாட்டாஸ்பத்திரி ஜோக்குக்கு எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, “அப்பறம் அந்த மாட்டுக்கு என்ன ஆச்சுங்க?” என்று நிஜமான அக்கறையோடு கேட்பார். என் ஜோக்குகளை அவ்வளவு மதித்தவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் வேறு மனிதர். அந்தக் குரலை என்னவென்று சொல்வது? இதமாக, அவசரமில்லாமல் வரும். பம்பாயில் இருக்கும் மகனுக்கு லைன் கிடைக்காமல் ஒரு தாயார் அழுதால், “அழுவாதீங்க ஆத்தா, சேலம் வந்துருச்சு, இனி பம்பாய்தான் பாக்கி” என்பார். மறுநாள் அந்த அம்மா என்னிடம், “நீ வேண்டாஞ் சாமி, அந்த நல்ல தம்பியைக் கூப்புடு” என்பார். பலகைக்கு முன்னால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் முடியாது. அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை.

ராஜமாணிக்கம் சாரின் அறையில்தான் சிக்கல். “மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கய்யா” என்றால் அர்த்தனாரி மின்விசிறியைப் பார்ப்பார். சாருக்கு அது திருட்டு முழி. நான் சும்மா இருப்பேனா? அர்த்தனாரியைத் தனியே கூப்பிட்டு, “கண்ணைப் பாக்கறது கஷ்டமா இருந்தா மூக்கைப் பாருங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது” என்று யோசனை சொன்னேன். மறுநாள் அவர் சாரின் மூக்கை இமைக்காமல் பார்த்தபடி நின்றிருக்கிறார். சார் இரண்டு தரம் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, பிறகு எழுந்து கண்ணாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். ‘ஐயா’ என்று.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் செல்லமுத்து முதலாளியின் புகார் வந்தது.

எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், அவருடைய தறிக்கூடமும் ஆபீசும். மகளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் இன்னும் பெரிய இடம் ஒன்று தென்பட்டது. ஒருநாள் மத்தியானம் கோயம்புத்தூர் மச்சினருக்கு டிரங்க் கால் போட்டு, திருச்செங்கோட்டைக் கழற்றிவிடுவது பற்றிப் பரம ரகசியமாகப் பேசினார். பொழுது சாய்வதற்குள் திருச்செங்கோட்டுக்காரர்கள் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். அந்தச் சம்பந்தமும் போனது, விஷயம் தெரிந்து கோயம்புத்தூரும் பின்வாங்கியது. அந்த டிரங்க் காலுக்கு லைன் கொடுத்தவர் அர்த்தனாரி. ‘ஆபரேட்டர் ஒட்டுக்கேட்டு வெளியே சொல்லிவிட்டான்’ என்று முதலாளி சேலத்துக்கே எழுதிப் போட்டார்.

ராஜமாணிக்கம் சார் அர்த்தனாரியை நிற்கவைத்துக் கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

“அவங்க பேசுனது உங்க காதுல விழுந்துச்சா?”

“விழுந்துதுங்க.”

“யாருகிட்டச் சொன்னீங்க?”

அர்த்தனாரி தரையைப் பார்த்தார்.

“மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கய்யா. யாருகிட்டச் சொன்னீங்க?”

அர்த்தனாரி மின்விசிறியைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. முடிந்தது கதை. தற்காலிக வேலைநீக்கம், துறை விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும்.

அடுத்த வாரம் அவருடைய தாயார் வெண்ணந்தூரிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“பட்டறைல உட்டோம், கடைல உட்டோம், எங்கயும் மூணு மாசம் நிக்கல சாமி. மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டீங்கறான்னு எல்லாரும் தொரத்தியுட்டாங்க. வந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்குவான். இந்த வேலைக்கு வந்தப்பறந்தான் லீவுல ஊட்டுக்கு வந்தா பாட்டுப் பாடறான். இதுவும் போச்சுன்னா அவன் மறுக்காப் படுத்துக்குவாஞ் சாமி. எந்திரிக்க மாட்டான்.”

அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், “நான் பாத்துக்கறனுங்க” என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையது, எப்போதுமே எனக்கு முன்னால் ஓடும்.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக இன்னொரு ஊழியர் உட்காரலாம் என்று விதி உண்டு. நான் உட்கார்ந்தேன். சேலத்திலிருந்து வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தடித்த கண்ணாடி, களைத்த முகம், மேசைமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த மோர் பாட்டில். முந்தின நாள் முழுக்க நான் அர்த்தனாரிக்குப் பாடம் நடத்தியிருந்தேன்: “மூக்கு வேண்டாம். புருவத்துக்கு நடுவுல பாருங்க. பார்வையை எடுக்காதீங்க. எடுத்தா பொய்னு எழுதிருவாங்க.” அவர் அதை அப்படியே செய்தார். அதிகாரி கேள்வி கேட்கக் கேட்க அவருடைய நெற்றியையே வெறித்தார். ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது அர்த்தனாரிக்கு அல்ல, அதிகாரிக்கு. “என்னய்யா, மிரட்டறாரா?” என்று என்னைக் கேட்டார்.

மோர் குடிக்க இடைவேளை விட்டார்கள். நான் அர்த்தனாரியை வராந்தாவுக்கு இழுத்துப்போனேன்.

“ஏனுங்க அர்த்தனாரி, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? வேலை போகப் போகுது!”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் பலகையில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னார்: “பாக்கறதா, பேசறதா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணா. கண்ணைப் பாத்தா எனக்குக் காது அடைச்சுக்குது. அவங்க கேக்கறது உள்ள வரமாட்டீங்குது. பாக்கறதே ஒரு முழு வேலையா இருக்குதுங்க.”

எத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! மூக்கு, புருவம் என்று முகத்தில் இருக்கிற எல்லா உறுப்பையும் சிபாரிசு செய்தேனே தவிர, இதை நான் கேட்டதே இல்லை.

உள்ளே போய் அதிகாரியிடம் சொன்னேன்: “ஐயா, ஒட்டுக்கேட்டது எப்பிடின்னு பாக்கோணும்னா நீங்க பலகையைப் பாக்கோணுமுங்க. ஒரு முனையில நீங்க ஹெட்செட் மாட்டிக்குங்க. மறு முனையில அர்த்தனாரி உக்காரட்டும். லைன்லயே கேளுங்க.”

“இது விசாரணையா, நாடகமா?” என்றார் அதிகாரி.

“அவரோட வேலையே லைன்ல பேசறதுதானுங்களே. எங்க வேலை செய்வாரோ அங்க வெச்சுக் கேக்கறதுல தப்பில்லீங்க.”

ராஜமாணிக்கம் சார் பின்னால் நின்றிருந்தார். ‘ஐயா’ வரப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வரவில்லை. “கேட்டுப் பாக்கலாங்க சார்” என்றார் அதிகாரியிடம்.

அர்த்தனாரி தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய முனைக்கும் அதிகாரியின் முனைக்கும் நடுவே, என் வழக்கமான இடத்தில் நானும் போய் உட்கார, நாங்கள் நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தோம். அதிகாரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். நானும் சேர்ந்து கேட்கும்படி லைனில் இருந்தேன். கயிற்றைச் செருகி இரண்டு முனையையும் சேர்த்தேன்.

“எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க.”

அதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்தேன். காலையிலிருந்து தன்னை வெறித்த ஆளின் குரல் இதுதான் என்று அவரால் நம்ப முடியவில்லை.

“அர்த்தனாரி, அவங்க பேசினது உங்க காதுல விழுந்ததா?”

“விழுந்துதுங்க. ரெண்டு பக்கமும் கேக்குதான்னு பாத்துட்டுத்தான் வெலகோணும்னு விதிங்க.”

“யாருகிட்டச் சொன்னீங்க?”

“இதைத்தானுங்க சாரும் கேட்டாரு. யாருகிட்டன்னு கேட்டா ஒரு பேர் சொல்லோணுமுங்க. எங்கிட்டப் பேர் இல்லீங்க. நான் ஆருகிட்டயும் சொல்லல.”

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். “விலகினதுக்கு அப்புறம் அவங்க பேசினதைக் கேட்டீங்களா?”

“கேட்டுதுங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொலைந்தது.

“விலகிட்டீங்கன்னா எப்படிக் கேட்டுது? லைன்ல இருந்தீங்களா?”

“லைன்ல இல்லீங்க. சன்னல்ல.”

அதிகாரி தலையைத் தூக்கினார். பலகைக்குப் பக்கவாட்டில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். “சன்னல்லயா?”

“ஆமாங்க. அன்னிக்கு மத்தியானம் கரண்ட் போயிருந்துதுங்க. தறியெல்லாம் நின்னு போச்சு. நமக்கு பேட்டரி, லைன் ஓடும். முதலாளி எப்பவும் தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பழகுனவருங்க. தறி நின்னதும் சத்தத்தைக் கொறைக்கல. நான் ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டேன். அப்பறமும் கேட்டுதுங்க.”

மகளுக்கு நிச்சயம் செய்த இடத்தைக் கழற்றிவிடும் ரகசியத்தை, கரண்ட் போன தெருவில், தறிக்கு மேல் கத்துகிற குரலில் சொல்லியிருக்கிறார் மனிதர். அந்தத் தெருவில் திருச்செங்கோட்டில் சொந்தம் இல்லாத வீடு எது?

அதிகாரிக்கு இன்னும் பாதி சந்தேகம். “அவ்வளவு தூரம் கேட்குமா?” என்றார். அந்த வருஷங்களில் பகல் கரண்ட் கட் மட்டும் நேரம் தவறாமல் வரும். வேறு எதுவும் நேரத்துக்கு வராது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்த் தறிக்கூடம் மூச்சை நிறுத்தியது. தெரு சட்டென்று அமைதியானது. காலையில் முதலாளி பதிந்து வைத்திருந்த கோயம்புத்தூர் லைனும் கொஞ்ச நேரத்தில் வந்தது. இதை நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று பின்னால் சிலர் பேசினார்கள். கோயம்புத்தூர் லைன் கிடைப்பதை ஏற்பாடு செய்ய ஆண்டவனாலும் முடியாத காலம் அது. கயிற்றைச் செருகிக் கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜன்னல் வழியாக வந்தது: “அலோ! மச்சானுங்களா! இன்னிக்கு அந்த ஆபரேட்டர் பயலுக்கு விசாரணைங்க! வேலைய உட்டுத் தூக்காம உட மாட்டேன்! ஏனுங்க? ஆமாங்க! ஆருகிட்டயும் சொல்லீராதீங்க! ரகசியமா இருக்கட்டும்!”

கீழே டீக்கடையில் யாரோ “சொல்ல மாட்டோமுங்க!” என்று பதில் கொடுத்தார்கள்.

எங்கள் அறையில் நான் உட்பட எல்லாரும் பலகைமேல் கவிழ்ந்து சிரித்தோம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கவில்லை என்று காட்ட அவருக்கு வேறு வழியில்லை. அர்த்தனாரி மட்டும் சிரிக்காமல் தன் இடத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

ராஜமாணிக்கம் சார் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். பென்சிலால் தட்டவில்லை.

“ஏன்டா, இதை அன்னிக்கே எங்கிட்டச் சொல்றதுக்கென்னடா?”

அர்த்தனாரி திரும்பாமல் பதில் சொன்னார். “மூஞ்சியைப் பாருன்னு சொன்னீங்க சார். பாக்கறதுக்கு முயற்சி பண்ணிட்டு இருந்தேனுங்க.”

சார் பென்சில் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் யாரையும் தன் முகத்தைப் பார்க்கச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை மட்டும் சொல்வார். அது நியாயம்தான்.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அது வந்த மறுநாள் காலை அர்த்தனாரி எனக்கு அடுத்த இருக்கையில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை. வணக்கம்கூட என் சட்டைப் பைக்குத்தான். ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். ஹெட்செட்டை மாட்டினார், கயிறுகளை இழுத்துச் சரிபார்த்தார், வேலையை ஆரம்பித்துவிட்டார். சரி, இவர் இப்படித்தான் என்று நானும் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்சம் கூட்டம் ஓய்ந்த வேளையில் என் காதில் லைன் திறந்தது.

“அண்ணா, அர்த்தனாரி பேசறனுங்க.”

கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார். நான் திரும்பவில்லை. பலகையைப் பார்த்தபடியே, “சொல்லுங்க” என்றேன்.

“எங்கம்மாகிட்ட நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களாமா. பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க. வேலை போயிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல. உங்க மாட்டாஸ்பத்திரி ஜோக்கு எனக்குப் புரிஞ்சுதுங்க. போன வாரம் புரிஞ்சுது. சிரிச்சேன்.”

ஊரையே பேசிக் கொல்கிற எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பலகையைப் பார்த்துக்கொண்டு லைனில் சும்மா இருந்தோம். அந்த மௌனத்தில் ஒரு சங்கடமும் இல்லை. டிரங்க் கால் பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம் முடிந்ததும் நடுவில் புகுந்து, இன்னும் பேச வேண்டுமா என்று கேட்பது எங்கள் வேலை. அதே குரலில், அதே மரியாதையோடு அவர் கேட்டார்:

“மூணு நிமிசம் முடிஞ்சுதுங்க. நீட்டிக்கட்டுங்களா?”

“நீட்டுங்க” என்றேன்.